ஷட்டருக்கு மோட்டார் போடுமுன்



கடை ஷட்டருக்கு மோட்டார் போடலாமா, போட்டால் எதைப் போடுவது என்று சென்ற சில மாதங்களில் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட நம் இதழில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியது. நான் என்ஜினீயர் அல்ல. பள்ளிப் படிப்போடு தராசுக்கு வந்தவன். பருப்பு மொத்த வியாபாரத்தில் நாற்பது வருஷம் ஷட்டரை ஏற்றி இறக்கியதிலும், இரண்டு முறை மோட்டார் வாங்கியதிலும், அதில் முதல் முறை பெரிய தப்புச் செய்ததிலும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மோட்டார் தேவைதானா என்று பாருங்கள். பத்தடி அகலத்துக்கு உட்பட்ட சாதாரணக் கடை ஷட்டரில் ஸ்பிரிங் ஒழுங்காக இருந்தால் என் வயசுக்காரரும் மூச்சு வாங்காமல் தூக்கலாம். தூக்க முடியவில்லை என்றால் அநேகமாகக் குற்றம் நம் தோளில் இல்லை, ஷட்டரில்தான். பாதி உயரத்துக்குத் தூக்கி, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, கையை மெதுவாக விட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும். சடசடவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தானாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். பக்கத்துக் கைடு வளைந்திருந்தாலும், வண்டி இடித்துத் தகடு நசுங்கியிருந்தாலும் கனமாகத்தான் தெரியும். நல்ல ஷட்டர் மிஸ்திரியைக் கூப்பிட்டு இதைச் சரி செய்தால் பல கடைகளில் மோட்டார் செலவே மிச்சமாகும். ஸ்பிரிங்கை மட்டும் நாமே அவிழ்க்கக் கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் தட்டிவிட்டால் கை போய்விடும்.

பெரிய வாசல், கிட்டங்கி, ஒரு நாளைக்குப் பத்து முறை ஏற்றி இறக்கும் இடம் என்றால் மோட்டார் நியாயமான செலவுதான். பெரும்பாலும் இரண்டு வகை நம் ஊர்களில் போடுகிறார்கள். ஒன்று, மேலே சுருள் பைப்பின் நடுவிலேயே பொருத்தும் சென்ட்ரல் மோட்டார். இதில் ஸ்பிரிங் அப்படியே இருக்கும், எடையில் பெரும்பகுதியை அது தாங்கும். மற்றது, ஓரத்தில் பொருத்திச் சங்கிலியால் பைப்பைச் சுற்றும் சைடு மோட்டார். இதில் ஸ்பிரிங் கிடையாது, முழு எடையும் மோட்டார் மேல்தான். எடையை நாமே கணக்குப் போடலாம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. என் கிட்டங்கி வாசல் 12 அடி அகலம், 10 அடி உயரம். அதாவது 11 சதுர மீட்டர் சொச்சம். தகடு 1.2 மில்லிமீட்டர். தட்டையாக வைத்தாலே 105 கிலோ வருகிறது. ஒன்றோடொன்று மாட்டும் சுருட்டு மடிப்பு, கீழ்ப்பட்டை எல்லாம் சேர்த்தால் 150 கிலோவை நெருங்கும். கடைக்காரர் சொல்லும் எண்ணை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2016-ல் நானும் இப்படித்தான் கணக்குப் போட்டு, தேவைக்கு மேலேயே 600 கிலோ தூக்கும் சைடு மோட்டார் வாங்கினேன். தூக்குவதைப் பார்த்தேனே தவிர நிறுத்துவதைப் பார்க்கவில்லை.

பத்தடி இறங்க அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். நாள் முழுக்க நின்ற காலுக்கு அந்த அரை நிமிஷம் பெரிசாகத் தெரியும். ரிமோட் கையில் இருப்பதால் அதை அழுத்திவிட்டு நடந்தபடியே போகும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த வண்டிக்குப் போய்க்கொண்டே அழுத்தினேன். இருபது வருஷமாக என்னிடம் மூட்டை தூக்குபவர், மறந்துவிட்ட தூக்குச்சட்டியை எடுக்க உள்ளே போயிருக்கிறார். ஷட்டர் இறங்குவதைப் பார்த்துக் குனிந்து வெளியே வந்தவரின் தோளில் கீழ்ப்பட்டை இடித்தது. தடுமாறி விழுந்தார். வலது கால் அடியில் அகப்பட்டுக்கொண்டது.

“முதலாளி, கால்!” என்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். ரிமோட்டில் நாலு பொத்தான். இருட்டு, பதற்றம். நிறுத்துவதற்குப் பதிலாக இறக்குவதையே மறுபடியும் அழுத்தினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. மூன்று மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. வைத்தியச் செலவும் மூன்று மாதக் கூலியும் கொடுத்தேன். கொடுத்ததில் பெருமை எதுவும் இல்லை. மழைக்காலத்தில் இன்றும் அவர் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

பின்னர்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். ஸ்பிரிங் இல்லாத ஷட்டர் இறங்கும்போது மோட்டார் சங்கிலியை விட்டுக்கொடுக்கிறதே தவிர, கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தடை வந்தால் தகட்டின் எடை அந்தத் தடை மேல் உட்கார்ந்துவிடும். அமெரிக்காவில் வீட்டுக் கார் ஷெட் கதவுகளுக்கு மோட்டார் போடுவது வெகுகாலப் பழக்கம். அங்கே குழந்தைகள் கதவுக்கடியில் சிக்கி இறந்ததால் சட்டமே கொண்டுவந்தார்கள். 1993 ஜனவரி 1 முதல், அடியில் ஆள் சிக்காமல் காக்கும் ஏற்பாடு இல்லாத வீட்டுக் கதவு மோட்டாரை அங்கே விற்பனைக்குத் தயாரிக்கக் கூடாது. வாசலின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஆறங்குலத்துக்குள் எதிரெதிராக இரண்டு ‘கண்’ வைப்பது அங்கே வழக்கம். நடுவே எது குறுக்கிட்டாலும் கதவு திரும்ப மேலே ஏறிவிடும். எனக்கு மோட்டார் விற்றவர் இந்தக் கண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விலையில் பேரம் பேசுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

இரண்டாவது முறை மோட்டாரை மாற்றும்போது முதல் கேள்வியே இதுதான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். கண் பொருத்தும் வசதி கன்ட்ரோல் பெட்டியில் இருக்கிறதா? குறுக்கே தடை வந்தால் நிற்குமா, திரும்பி ஏறுமா? கண்ணுக்குப் போகும் வயர் அறுந்துபோனால் ஷட்டர் இறங்காமல் நிற்கும்படி இணைப்புக் கொடுப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வி பருப்புக் கிட்டங்கிக்காரர்களுக்கு மிக முக்கியம். நம் இடத்தில் எலி இல்லாத நாள் ஏது? வயரைக் கெட்டியான பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். தூசி படிந்தாலும், மூட்டை குறுக்கே கிடந்தாலும் ஷட்டர் இறங்க மறுக்கும். உடனே யாராவது, “இது ஒரு தொல்லை அண்ணாச்சி” என்று கண்ணைத் துண்டித்துவிட்டு இயக்கிக் காட்டுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். துணியால் துடைத்தால் போதும்.

சங்கிலி அறுந்தால் முழு ஷட்டரும் தடாலென்று விழாமல் பிடித்துக்கொள்ளும் தனிப் பிரேக்கும் கிடைக்கிறது. ஸ்பிரிங் இல்லாத பெரிய ஷட்டருக்கு அதைச் சேர்த்தே வாங்குங்கள். இறக்குவதற்கு ரிமோட் வேண்டாம் என்பது என் கட்சி. சுவரில் வாசல் தெரியும் இடத்தில் ஒரு பொத்தான், அதை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் இறங்க வேண்டும், விரலை எடுத்தால் நிற்க வேண்டும். அப்படி அமைத்துத் தரச் சொன்னால் செய்து தருகிறார்கள். அரை நிமிஷம் அங்கேயே நின்றாக வேண்டும், நல்லதுதான்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இப்போது அவ்வளவு இல்லை என்றாலும், ஒரு முறை போனாலே போதும். சைடு மோட்டாருக்குக் கைச்சங்கிலி இருக்கும். சென்ட்ரல் மோட்டாருக்குப் பிரேக்கை விடுவிக்கும் கம்பி இருக்கும், அதை இழுத்துக் கையால் தூக்கலாம். இவை பெரும்பாலும் உள்பக்கம்தான் வருகின்றன. கடைக்கு ஒரே வாசல் என்றால் என்ன ஆகும்? எல்லோரும் வெளியே, சங்கிலி உள்ளே. ஒரே வாசல் கடைக்காரர்கள் பேட்டரி ஏற்பாடும், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வெளியிலிருந்தே விடுவிக்கும் வழியும் இல்லாமல் மோட்டார் போடவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் இந்த மோட்டாரைக் கிளப்பிவிடும் என்று நம்பாதீர்கள், விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். 2017-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காட்டுத்தீ வந்தபோது, கரண்ட் இல்லாமல் கார் ஷெட் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அங்கே 2019 ஜூலை 1 முதல், பேட்டரி இல்லாத வீட்டுக் கதவு மோட்டாரை விற்கக் கூடாது என்று ஆனது. உள்ளே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் கைச்சங்கிலியை இழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கணக்குப்பிள்ளைக்கும்தான்.

ரிமோட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வகை ரிமோட் எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பும். அதைக் காப்பி எடுக்கும் ரிமோட் கடைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ‘ரோலிங் கோடு’ வகையையே கேட்டு வாங்குங்கள். ரிமோட் தொலைந்தாலோ, அது வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போனாலோ, பெட்டியில் பதிந்திருப்பதை எல்லாம் அழித்துவிட்டு மீதியுள்ளவற்றை மறுபடியும் பதிய வேண்டும். எது வைத்தாலும் இரவில் பழைய பக்கத்துப் பூட்டும் போடத்தான் வேண்டும். காலையில் அந்தப் பூட்டை எடுக்காமல் மோட்டாரை ஏற்றினால் தகடு வளைந்துவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உம்மென்று சத்தம் மட்டும் வந்து ஏறாவிட்டால் முதலில் கெபாசிட்டரைப் பாருங்கள். அது சின்னச் செலவு, அதற்காக மோட்டாரையே மாற்றச் சொன்னால் இன்னொரு மிஸ்திரியைக் கேளுங்கள். அடுத்தடுத்து ஏற்றி இறக்கிச் சூடாகி நின்றால் ஆறவிடுங்கள், அது கோளாறு அல்ல. மேலும் கீழும் நிற்க வேண்டிய இடம் தாண்டினால் லிமிட் சுவிட்சைச் சரி செய்யச் சொல்லுங்கள். ஆனால் நிறுத்திய பிறகும் ஷட்டர் ஒரு சாண் வழுக்கி இறங்கினால் பிரேக் தேய்ந்திருக்கிறது. அன்றைக்கே அதன் இயக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

எங்கள் கிட்டங்கியில் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் ஷட்டரை இறக்கிக்கொண்டே விளக்குமாற்றுக் கட்டையைக் கண்ணுக்குக் குறுக்கே நீட்டிப் பார்க்கிறோம். நீட்டுபவர் அந்தக் கால் முறிந்தவர்தான். பொத்தான் என் விரலில் இருக்கும். ஷட்டர் நின்று திரும்பி ஏறியதும் அவர் சிட்டையில் தேதி போட்டு வைக்கிறார்.