பழைய லாரியும் பழுதுச் செலவும்

நெல்லும் கரும்பும் ஏற்றும் பழைய லாரிகளை உடைய மிராசுதார்கள், பழுதுச் செலவு ஆண்டுக்கு ஆண்டு பெருகுவது கண்டு வருந்துகின்றனர். இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் கோளாறின் மூலத்தை அறிதல் அவசியம்.

டீசல் இயந்திரத்தில் புகையே முதற்குறியாகும். கரும்புகை, காற்று வடிகட்டி அடைபட்டதையோ டீசல் மிகுதியாகப் பாய்வதையோ காட்டும். நீலப்புகை, இயந்திர எண்ணெய் எரிவதற்கு அடையாளம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் அதில் தண்ணீர் கலந்துள்ளது. வண்டியை உடனே நிறுத்துதல் வேண்டும்.

ஒரு கிராமத்தில் விவசாயி ஒருவர், கரும்புகை கண்டு அஞ்சி, இயந்திரம் முழுவதையும் புதுப்பிக்க மனைவியின் நகைகளை அடகு வைக்கத் துணிந்தார். நான் சோதித்தபோது, களத்துத் தூசியால் வடிகட்டி அடைபட்டிருந்தது. அதனை மாற்றியதும் புகை நின்றது. நகைகளும் வீட்டிலேயே நின்றன.

மெய்யாகவே பெரும் பழுதாயின், முன்னர்ச் செலவிட்ட தொகையைக் கணக்கிற் சேர்க்கலாகாது. அது போன பணம். பழுது நீக்கும் செலவு, வண்டி அதன்பின் உழைக்கக்கூடிய காலம், அக்காலத்திற்கு லாரி வாடகை, இன்று விற்றாற் கிடைக்கும் விலை ஆகியவற்றை எழுதி ஒப்பிடுக. 8 ஆண்டு கடந்த லாரிக்குத் தகுதிச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமாதலால் அச்செலவையும் சேர்த்துக்கொள்க. சேஸிஸ் துருவேறி விரிசல் கண்டிருப்பின், இயந்திரத்திற்குச் செலவிடுதல் வீண்.

கிராம அதிகாரிகள் இக்கணக்கைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.