தட்டும் பேரேடும்: கணிப்பொறிக் கோப்புகளின் சிதைவும் சீரமைப்பும்

ஓலையிலும் தாளிலும் எழுதிக் காத்தவற்றை இன்று வன்தட்டில் எழுதிக் காக்கின்றோம். செல்லுக்கு அஞ்சிய நாம், ‘தட்டைப் படிக்க இயலவில்லை’ என்னும் ஒருவரிச் செய்திக்கு அஞ்சுகின்றோம். பல்லாண்டு உழைத்த ஆய்வேடும் அவ்வொரு வரியில் மறைந்துபோகக்கூடும். பிழையால் அழியாததும் அதனைத் திருத்தும் அவசரத்தில் அழிவதுண்டு. ஆகவே, லினக்ஸ் இயக்க அமைப்பைச் சான்றாகக் கொண்டு, இந்நோயின் முதலையும் மருந்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

உட்கருவின் பணி

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸின் ‘கெர்னல்’ எனப்படும் உட்கரு, பயன்பாட்டு நிரல்களுக்கும் வன்தட்டிற்கும் இடையே நிற்பது. நாம் ஒரு கோப்பைக் கேட்டால், அது தட்டின் எக்கட்டங்களில் உள்ளது என்பதைக் கோப்பு முறைமை கூறும். பின்னர் அவ்வேண்டுகோள் இயக்கி நிரல் வழியாகவும் தரவு வடத்தின் வழியாகவும் தட்டைச் சென்றடையும். எனவே பழுது பதிவில் நேரலாம்; வழியில் நேரலாம்; தட்டிலேயே நேரலாம்.

பேரேடும் சிட்டையும்

கோப்பு முறைமை ஒரு வணிகரின் பேரேட்டைப் போன்றது. ஒவ்வொரு கோப்பிற்கும் ‘ஐநோடு’ என்னும் பதிவு உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், அது அமைந்துள்ள கட்டங்கள் ஆகியவை அதனால் அறியப்படும். பெயர்ப்பட்டியலும், எக்கட்டம் காலி என்று காட்டும் வரைவும் தனித்தனியே உள்ளன. எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் இவற்றுள் சில மாறியும் சில மாறாமலும் போகும். கோப்பு முறைமைச் சிதைவிற்கு இதுவே பெருங்காரணம்.

1993இல் வந்த எக்ஸ்ட்-2 முறைமையில், மின்தடைக்குப் பின் பேரேடு முழுவதையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. 2001இல் உட்கருவில் இணைந்த எக்ஸ்ட்-3, வணிகர் முதலில் சிட்டையில் எழுதிப் பின் பேரேட்டில் ஏற்றுவதைப் போல, மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதியது. 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்-4உம் அவ்வழியினதே. ஆயின், இயல்பான அமைப்பில் அக்குறிப்பேடு காப்பது பதிவுகளின் ஒழுங்கையே. கோப்பின் உள்ளடக்கத்தை அன்று. தட்டின் தேய்வையும் அது தடுக்காது.

நோயறிதல்

முதலில் உட்கருவின் செய்திக் குறிப்புகளைப் படித்தல் வேண்டும். செக்டார் எண்ணுடன் ‘ஐ/ஓ எரர்’ எனத் தோன்றினால் தட்டையும் வழியையும் ஐயுறலாம். தட்டு தன்னைப் பற்றித் தரும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையில் பழுதுற்ற செக்டார்களின் எண்ணிக்கை ஏறிவந்தால் தட்டு தளர்கின்றது எனலாம். ‘சிஆர்சி’ பிழைகள் மட்டும் ஏறிவந்தால் வடத்தை மாற்றிப் பார்த்தல் தகும். தட்டுப் பிழை ஏதுமின்றி ஐநோடு பற்றிய முறையீடு மட்டும் வருமாயின், பதிவில் சிதைவு உண்டு என்பது பெறப்படும். பழுதான நினைவகமும் இதற்குக் காரணமாகலாம்.

சில வேளைகளில் உட்கரு, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் இசைந்து எழுத மறுக்கும். இதனைக் கணிப்பொறியின் முரண்டு எனக் கருதலாகாது. மேலும் கெடாமல் காக்கும் காவல் அது.

மருந்தின் வரிசை

முதலாவது, எழுதுவதை உடனே நிறுத்துதல். இரண்டாவது, தட்டு தளர்ந்திருப்பின் ‘டிடிரெஸ்கியூ’ போன்ற நிரலால் வேறொரு தட்டில் படியெடுத்தல். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான பகுதிகளுக்குப் பின்னர்த் திரும்பும். மூன்றாவது, இணைப்பு நீக்கிய நிலையில், அப்படியின் மீது ‘எஃப்எஸ்சிகே’ நிரலை முதலில் எதையும் மாற்றாத முறையில் ஓட்டிப் பார்த்தல். அதன் பின்னரே திருத்துதல். இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையின் மீது திருத்தம் செய்வது பெருங்கேடு. தலைமைப் பதிவாகிய ‘சூப்பர் பிளாக்’ கெட்டிருப்பினும் கலங்க வேண்டுவதில்லை. 4,096 பைட் கட்டங்கள் கொண்ட முறைமையில் அதன் முதல் மாற்றுப்படி வழக்கமாக 32,768ஆம் கட்டத்தில் இருக்கும். பெயரிழந்த கோப்புகள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ அடைவில் வந்து சேரும்.

இங்கு ஓர் உண்மையை மாணவர் மனங்கொள்ள வேண்டும். திருத்தும் நிரலின் நோக்கம் பேரேட்டைப் பிழையற்றதாக்குவதே. இழந்த பொருளை மீட்பதன்று. கணக்கு நேராவதற்காகச் சில பக்கங்களை அது கிழித்தெறியவும் கூடும். ஆதலால் படியெடுத்தலை நோய்க்குப் பின் தேடும் மருந்தாக எண்ணாமல், நாள்தோறும் பேணும் ஒழுக்கமாகக் கொள்வோமாக.