நகர மரபுரிமையும் அதனைப் பேணும் நிறுவனங்களும் – காலிக் கோட்டை

மாணவர்களே, இப்பகுதி வரலாறு, குடியியற் கல்வி ஆகிய இரு பாடங்களுக்கும் பொதுவானது. வரலாற்று வினாத்தாளில் காலிக் கோட்டை பற்றி வினா வந்தால் பலரும் ஆண்டுகளை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கின்றனர். “மரபுரிமையைப் பேணுவதற்கு எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை விளக்குக” என்று குடியியலில் கேட்கப்பட்டால் “அரசாங்கம் பாதுகாக்கின்றது” என்ற ஒரு வரியுடன் விடை முடிந்துவிடுகின்றது. பாதுகாப்பது யார், எந்தச் சட்டத்தின் கீழ், அதனால் யாருக்கு நன்மை, யாருக்குச் சிரமம் என்பனவற்றை அறிந்தால்தான் நிறைவான விடை எழுத முடியும்.

இலங்கையில் எட்டு உலக மரபுரிமைத் தலங்கள் உள்ளன. ஆறு பண்பாட்டு மரபுரிமைகள். சிங்கராஜ வனமும் மத்திய மலைநாடும் இயற்கை மரபுரிமைகள். அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா ஆகியன 1982 இலும், கண்டி, காலி, சிங்கராஜ ஆகியன 1988 இலும், தம்புள்ளை 1991 இலும், மத்திய மலைநாடு 2010 இலும் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. சீகிரியாக் குன்றின் மேல் இன்று எவரும் குடியிருப்பதில்லை. காலிக் கோட்டையினுள்ளோ வீடுகள், பாடசாலைகள், பள்ளிவாசல், தேவாலயங்கள், விகாரை, கடைகள் யாவும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. அழிபாடுகளைப் பேணுவதும் மக்கள் வாழும் ஊரைப் பேணுவதும் ஒன்றல்ல. இவ்வலகின் முழுச் சிக்கலும் இதிலிருந்தே பிறக்கின்றது.

கோட்டையின் வரலாறு – சுருக்கமாக

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இங்கு அரண் அமைத்தனர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கருங்கல்லும் முருகைக்கல்லும் கொண்டு இன்று நாம் காணும் பெருமதில்களையும் கொத்தளங்களையும் எழுப்பியவர்கள் அவர்களே. பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டுடன் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னத்தைக் காணலாம். அதே வாயிலின் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச சின்னம் உள்ளது. 1796 இல் ஆட்சி கைமாறியதை ஒரே வாயிலில் வைத்துப் படிக்கலாம். 

நினைவில் வைத்திருக்க வேண்டிய இன்னொன்று வடிகாலமைப்பு. வீதிகளின் அடியில் ஒல்லாந்தர் அமைத்த கால்வாய்களுள் வற்றுப்பெருக்கின்போது கடல்நீர் புகுந்து கழிவுகளை அடித்துச் செல்லும். திரைட்டன் கொத்தளத்தில் இருந்த காற்றாலையொன்றின் உதவியால் நீர் ஏற்றப்பட்டது. மதிலையும் வெளிச்சவீட்டையும் படமெடுப்போர் காலடியில் இருக்கும் இந்தக் கால்வாயைக் கவனிப்பதில்லை. யுனெஸ்கோ நிறுவனம் காலியைப் பட்டியலிற் சேர்த்தபோது இதனையும் ஒரு சிறப்பாகக் கருதியது.

1875 இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின்னர் பெருங்கப்பல்கள் கொழும்புக்குச் செல்லத் தொடங்க, காலித் துறைமுகத்தின் முதன்மை மங்கியது. வணிகம் குன்றியதால் புதிய கட்டடங்களுக்காகப் பழையவற்றை இடிக்கும் தேவையும் குறைந்தது. கோட்டையின் பழைய தோற்றம் எஞ்சியதற்கு ஊரின் வறுமையும் ஒரு காரணம் என்பதை உங்கள் விடையிற் குறிப்பிடலாம். பெரும்பாலான விடைகளில் இக்கருத்து இடம்பெறுவதில்லை.

தமிழ் மாணவர்கள் அறிய வேண்டிய கல்

காலி என்றவுடன் ஐரோப்பியர் மட்டுமே நினைவுக்கு வருவது முழுமையற்ற வரலாறாகும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய மும்மொழிக் கல்வெட்டொன்று 1911 இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் இக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்த பெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில் எழுந்தருளிய தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. தென் கரையில் வணிகத்துக்கும் வழிபாட்டுக்கும் தமிழ் வழங்கிய காலமொன்று இருந்தது என்பதற்கு இது உறுதியான சான்று. இன்று இக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

இக்கல் எவ்வாறு கிடைத்தது தெரியுமா? வீதியோர மதகொன்றின் மூடியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது! ஐந்நூறு ஆண்டு பழைய அரச சாசனத்தின் மேல் வண்டிகள் ஓடின. பழம்பொருளைக் காப்பதற்குச் சட்டமும் அதனை நடைமுறைப்படுத்த ஒரு நிறுவனமும் ஏன் வேண்டும் என்று கேட்கப்பட்டால் இதைவிடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை.

பொறுப்புடைய நிறுவனங்கள்

முதலாவது தொல்பொருளியல் திணைக்களம். இது 1890 இல் தொடங்கப்பட்டது. இதன் அதிகாரம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகின்றது. இச்சட்டம் இயற்றப்பட்டபோது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவையே தொல்பொருட்களாகக் கொள்ளப்பட்டன. அத்திகதி உங்களுக்குத் தெரிந்ததே; கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். காலியைப் பொறுத்தவரை அவ்வரையறையின்படி ஒல்லாந்தர் கால வீடு தொல்பொருளாகும். அதற்கு அடுத்த பிரித்தானியர் கால வீடு ஆகாது. சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. எதை மரபுரிமை என்று கருதுவது என்பதுகூடக் காலத்துக்குக் காலம் மாறும் என்பதை இங்கு கவனிக்குக.

இரண்டாவது காலி மாநகர சபை. குப்பை அகற்றல், உள்வீதிகள், கட்டட அனுமதி, வர்த்தக உரிமம் ஆகியன மக்களால் தெரிவுசெய்யப்படும் இச்சபையின் பணிகள். மூன்றாவது, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகாரசபை. இதன் பணி திட்டமிடல். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி, தேசிய முக்கியத்துவம் உடையனவாகப் பிரகடனப்படுத்தப்படாத வரலாற்றுச் சின்னங்கள் மாகாண சபையின் விடயமாகும் என்பதையும் மறவாதீர்கள்.

நான்காவது, காலிக்கென்றே தனியாக அமைந்த காலி மரபுரிமை மன்றம். 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பாராளுமன்றம் இதனைத் தாபித்தது. கோட்டையினதும் அதனைச் சூழ்ந்த வரலாற்றுப் பகுதியினதும் பேணலை ஊக்குவித்தல், பல்வேறு நிறுவனங்களின் வேலைகளை இணைத்தல் ஆகியன இதன் நோக்கங்கள். 2000களில் நெதர்லாந்தின் நிதியுதவியுடன் கோட்டையினுள் தனியார் வீடுகள் சில புனரமைக்கப்பட்டன.

இத்தனை நிறுவனங்கள் இருப்பது நன்மையா? ஒன்று தவறினால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும் என்று கூறலாம். ஆயினும் பொறுப்பு நால்வருக்குப் பொதுவானால் அது எவருக்கும் உரியதல்லாமற் போவதும் உண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கிரிக்கெட் மைதான விவகாரம் இதனைக் காட்டும்.

மதிலும் மைதானமும்

காலி சர்வதேச கிரிக்கெட் மைதானம் கோட்டை மதிலுக்கு நேர் முன்னே உள்ளது. 1998 முதல் டெஸ்ட் போட்டிகள் நடைபெறுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது மதில் கோட்டையின் உட்பகுதியைப் பெருமளவு காத்தது. வெளியே பேருந்து நிலையமும் கடைகளும் மைதானமும் அழிவுற்றன. பல உயிர்கள் பறிபோயின. மைதானம் மீளக் கட்டப்பட்டு 2007 டிசம்பரில் மீண்டும் டெஸ்ட் போட்டி நடைபெற்றது. ஊர் எழுந்து நின்றதன் அடையாளமாக அதனை மக்கள் கொண்டாடினர்.

புதிய பார்வையாளர் கட்டடமோ கோட்டையின் தோற்றத்தை மறைக்கின்றது என்று உலக மரபுரிமைக் குழு கவலை தெரிவித்தது. 2018 இல் இவ்விடயம் மீண்டும் எழுந்தபோது, கட்டடத்தை அகற்றுவதா, உலக மரபுரிமைத் தகுதியை இழப்பதா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. போட்டிகள் அதன் பின்னரும் அங்கு தொடர்ந்தன. காலியும் பட்டியலில் உள்ளது. இங்கு எவரும் தீய எண்ணத்துடன் செயற்படவில்லை என்பதை நோக்குக. அனர்த்தத்தால் நொந்த ஊருக்கு மைதானமும் வேண்டும், மதிலும் வேண்டும். வரைபடம் தீட்டப்படும்போதே எல்லா நிறுவனங்களும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் கட்டடத்தின் உயரத்தை அன்றே தீர்மானித்திருக்கலாம்.

வீட்டுக்காரரின் நிலை

இப்போது நீங்கள் கோட்டையினுள் ஒரு பழைய வீட்டின் உரிமையாளர் எனக் கொள்க. மழைக்குக் கூரை ஒழுகுகின்றது. மலிவான கூரைத் தகடு போட்டால் ஒரு கிழமையில் வேலை முடியும். ஆனால் பழைய வகை அரைவட்ட ஓடே போட வேண்டும், முகப்பின் தூண்களை மாற்றக் கூடாது, மாடி எழுப்ப அனுமதி பெற வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. ஓட்டுக்கும் மரத்துக்கும் செலவு அதிகம். பழைய முறையில் வேலை தெரிந்த மேசன்மாரும் தச்சரும் குறைவு. உங்கள் வீட்டின் அழகைக் கண்டு மகிழ்பவர் உலகத்தார், செலவு உங்களுடையது.

அதே வேளையில் ஒருவர் வந்து பெருந்தொகைக்கு வீட்டைக் கேட்கின்றார். வெளிநாட்டவர் காணி வாங்கும்போது அறவிடப்பட்ட 100 சதவீத வரி 2002 இல் நீக்கப்பட்டு 2004 இல் மீண்டும் விதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய விற்பனையை மேலும் கட்டுப்படுத்தியது. இதற்கிடையில் கோட்டையின் வீடுகள் பல கைமாறின. விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் பெருகின. விற்றவரைக் குறைகூற முடியாது. வாங்கியவர்களிற் பலர் கட்டடங்களை நன்கு புதுப்பித்ததும் உண்மை. ஆயினும் அயலவர் ஒவ்வொருவராகப் போய்விட்டால் பள்ளிவாசலில் தொழ வருபவர் யார்? மாலையில் மதிலின் மேற் பட்டம் விடும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? சுவரைக் காக்கச் சட்டம் இருக்கின்றது. சுவருக்குள் வாழும் வாழ்வைக் காக்க அதுபோன்ற சட்டம் எளிதில் எழுத முடியாதது. 2007 இல் தொடங்கிய காலி இலக்கிய விழா போன்றவை ஊருக்குப் புகழ் சேர்த்தன. அதே ஊரின் பீரளு ரேந்தை பின்னும் பெண்களுக்கு அப்புகழால் என்ன கிடைத்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

பிற நாட்டு உதாரணம் ஒன்று

ஒப்பீடு கேட்கப்பட்டால் நியூயோர்க் நகரை எழுதலாம். 1910 இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா புகையிரத நிலையம் 1963 முதல் இடிக்கப்பட்டது. தடுக்கச் சட்டம் இருக்கவில்லை. மக்களிடையே எழுந்த கவலையின் விளைவாக 1965 இல் நகர மட்டத்தில் சின்னங்கள் பாதுகாப்பு ஆணைக்குழு சட்டபூர்வமாயிற்று. அதில் 11 உறுப்பினர். கட்டடக்கலைஞர், வரலாற்றறிஞர், காணி வணிகத்துறையைச் சேர்ந்தவர், நகரின் ஐந்து பிரிவுகளிலும் வசிப்போர் ஆகியோர் இடம்பெற வேண்டும் என்பது விதி. பின்னர் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் 55 மாடிக் கோபுரம் எழுப்ப அனுமதி மறுக்கப்பட்டபோது உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். 1978 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கமே தீர்ப்பளித்தது. அங்கு ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு: தன் கட்டடத்தின் மேல் எழுப்ப முடியாத மாடிகளுக்குரிய உரிமையை உரிமையாளர் அயற்காணிக்கு மாற்றி விற்கலாம். பாதுகாப்பின் செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழாதிருக்க இது ஓரளவு உதவுகின்றது. காலியின் வீட்டுக்காரரை எண்ணிக்கொண்டு இதனைப் படியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. காலி மும்மொழிக் கல்வெட்டில் இடம்பெறும் மொழிகள் யாவை? அது எடுத்துக்காட்டும் சமயப் பொறையை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.

2. காலிக் கோட்டையின் பேணலுடன் தொடர்புடைய நான்கு நிறுவனங்களைப் பெயரிட்டு, அவற்றுள் மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படுவது எது எனக் குறிப்பிடுக. (திணைக்களம், அதிகாரசபை, மாநகர சபை ஆகிய சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.)

3. உங்கள் ஊரில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வீடொன்றை அல்லது மடமொன்றைத் தெரிவுசெய்க. அதன் உரிமையாளர் அதனை இடித்துக் கடைத்தொகுதி கட்ட விரும்புகின்றார். ஊர்ச் சங்கம் எதிர்க்கின்றது. பிரதேச சபைத் தலைவர் என்ற வகையில் நீங்கள் இருவரிடமும் கேட்கும் மூன்று கேள்விகளை எழுதி, உங்கள் தீர்மானத்தைக் காரணத்துடன் தருக. (எப்பக்கம் தீர்மானித்தாலும் புள்ளி உண்டு, செலவை யார் ஏற்பது என்று கூறாத விடைக்கு முழுப் புள்ளி கிடையாது.)