ஆண்டு முழுக்க உதிரும் முடி

டீஷெடிங் பிரஷ் வாங்கிவிட்டால் நாய்க்கு முடி கொட்டுவது நின்றுவிடும் என்று நம்பித்தான் பலரும் பணம் கட்டுகிறார்கள். நிற்காது. வேரை விட்டு விலகியும் கீழே விழாமல், மற்ற முடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கிற முடியை முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் அதன் வேலை. தரையிலும் மெத்தையிலும் விழ வேண்டியது நம் கையில் விழும், அவ்வளவுதான்.

கிரேட் நிகோபார் தீவின் கேம்பல் பேயில் லாப்ரடார் வளர்ப்பவனுக்கு இது சீக்கிரமே புரிந்துவிடும். டெல்லிப் பக்கம் இருக்கும் உறவினர்கள், "கோடை தொடங்கும்போது ஒரு கொட்டு, குளிருக்கு முன்னால் ஒரு கொட்டு, நடுவில் நிம்மதி" என்பார்கள். நாய் முடி மாற்றுவதைப் பெரும்பாலும் பகலின் நீளம்தான் தீர்மானிக்கிறது. டெல்லியில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 7 டிகிரியில் இருக்கிறது. இங்கே அந்த வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. எந்த மாதமானாலும் மாலை ஐந்து, ஐந்தரை வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். நாயின் உடம்புக்குப் பருவம் மாறியதே பெரிதாகத் தெரிவதில்லை. அதனால் கொத்தாகக் கொட்டாமல் வருஷம் பூராவும் கொட்டிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் என்று வைத்துக்கொள்வதுதான் இங்கே சரிப்படும்.

கருவியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டீஷெடிங் பிரஷ் என்று விற்கப்படும் ஃபர்மினேட்டர் வகையில் இருப்பது பிரஷ்ஷே அல்ல. நெருக்கமான குட்டைப் பற்கள் கொண்ட எஃகுத் தகடு. அமெரிக்காவில் நாய்களுக்கு முடி திருத்திக்கொண்டிருந்த ஏஞ்சி போர்ட்டர் என்பவர், முடி வெட்டும் மெஷினின் பிளேடை வைத்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, முரட்டு முடி. அடியில் பஞ்சு மாதிரி உள்முடி. தகட்டின் பற்கள் மேல்முடிக்குள் புகுந்து, பிடி தளர்ந்த உள்முடியை இழுத்துக்கொண்டு வருகின்றன. வேரில் உறுதியாக நிற்கும் முடி நழுவிவிடும்.

நழுவ வேண்டும் என்பதே கணக்கு. அழுத்தினால் நழுவாது, அறுபடும். பிளேடு வம்சத்தில் வந்த கருவி ஆயிற்றே! இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வந்த முடியை உள்ளங்கையில் பிரித்துப் பார்ப்பதுதான். எங்கள் நாய் கறுப்பு. ஆனால் அதன் உள்முடி மங்கலான சாம்பல் நிறம், ஊதினால் பறக்கும். குவியலில் சாம்பல் பஞ்சு மட்டும் இருக்கும்வரை எல்லாம் சரி. பளபளப்பான கறுப்பு முடி கூடிக்கொண்டே வந்தால் மேல்முடியை வெட்டத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம். அந்த இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப இழுக்காமல், முடி படுத்திருக்கும் திசையிலேயே, இன்னொரு கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு வாருங்கள். வயிறு, முழங்கை, காது ஆகிய இடங்களில் இந்தத் தகடே வேண்டாம். சிக்கு இருந்தால் முதலில் விரலாலும் சாதாரண சீப்பாலும் எடுத்துவிடுங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெருநாய்க் குட்டி வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவே வீண். குட்டை முடிக்கு ரப்பர் கையுறை போதும். என்னைக் கேட்டால், லாப்ரடாருக்கும் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

1969 முதல் முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றிய தீவு இது. பஞ்சாபி, மராத்தி, தமிழ், தெலுங்கு என்று நாய் வளர்ப்பு யோசனையும் பல மொழிகளில் கிடைக்கும். எல்லா மொழியிலும் கேட்ட ஒன்று: மொட்டை. பக்கத்து வீட்டு அக்காகூட, "இந்த வெக்கைக்கு மெஷின் போட்டு மழிச்சு விட்டுடேன் தம்பி, பாவம்" என்றார். "வெயில் நேரா தோல்ல படும்க்கா, மேல்முடி திரும்ப ஒழுங்கா வளராமலும் போகலாம்" என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

வெயிலைவிட எங்களுக்கு ஈரம்தான் பெரிய தொல்லை. மழையும் கடல் காற்றும் ஓயாத ஊரில் உள்முடி மேலே காய்ந்தும் அடியில் நமுத்தும் கிடக்கும். அப்படியே விட்டால் நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். ஈர முடியில் தகடு சரியாகவும் ஓடாது. துண்டால் அழுத்தித் துடைத்து, ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, விரலை வேர்வரை விட்டுப் பார்த்து, காய்ந்தபிறகே எடுங்கள். உள்முடி குறையக் குறைய அடுத்த முறை சீக்கிரம் காயும். இந்த ஊரில் கருவியால் கிடைக்கும் நிஜமான லாபம் அதுதான்.

தகடு வைக்கும் முன் கையால் ஒரு தடவை தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள். தகட்டில் மாட்டினால் உடல் மட்டும் பிய்ந்து வாய்ப்பகுதி தோலிலேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும் பற்களைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, மூடிய டப்பாவில் போடுங்கள். உப்புக் காற்றில் எஃகு சீக்கிரம் துருவேறும். துருப்பிடித்த பல் தோலைக் கீறும். புதிது வர கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து நாற்றம் அடித்தாலோ அது சாதாரண முடியுதிர்வு அல்ல. எந்தச் சீப்பும் அதற்கு உதவாது; கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.