நீர் காத்தலே நிலம் காத்தல்

வகுப்பறையில் "மண் எரியுமா?" என்று வினவினால் மாணவர் நகைப்பர். அடுப்பையே மண்ணால் செய்கிறோமே, மண் எவ்வாறு எரியும் என்று திருப்பிக் கேட்பர். ஆயினும் எரியும் மண்ணும் உலகில் உண்டு. அதனைக் காப்பதில் சட்டத்தின் பங்கு யாது, கல்வியின் பங்கு யாது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

பீட் நிலம் என்பது யாது?

இலையும் தழையும் மட்குவதற்குக் காற்று வேண்டும். ஆண்டு முழுதும் நீர் தேங்கிய சதுப்பில் காற்றுப் புகுவதில்லை. ஆதலின் அங்கு விழுந்த இலை, வேர், மரக்கட்டை யாவும் முற்றும் மட்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இப்பழுப்பு நிறப் படிவே 'பீட்' எனப்படும். நிலக்கரி உருவாவதன் முதற்படி இதுவே. சராசரியாக ஓராண்டில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே இது வளர்கிறது. அப்படியாயின் 5 மீட்டர் ஆழமுள்ள படிவு உருவாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை மாணவரே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 விழுக்காடே. எனினும் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ள கார்பனைவிட மிகுதியான கார்பன் இதனுள் அடங்கியுள்ளது. நம் நீலகிரிச் சதுப்புகளிலும் சிறிய அளவில் பீட் உண்டு. அதனை ஆராய்ந்து சுமார் 20,000 ஆண்டுக் காலநிலை மாற்றங்களை அறிஞர்கள் கண்டறிந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நீர் வடிந்தால் நேர்வது

நெல் உமியைக் குவித்து நெருப்பிட்டால் அது கொழுந்துவிட்டு எரிவதில்லை. உள்ளுக்குள்ளேயே கனன்று பல நாள் புகையும். இதனையே உமிக்காந்தல் என்கிறோம். நனைந்த உமியிலோ நெருப்புப் பற்றாது. பீட்டின் இயல்பும் இதுவே. நீர் நிறைந்திருக்கும்வரை அது அழியாமல் இருக்கும். நீர் வடிந்ததும் காற்றுப் புகுந்து மட்கத் தொடங்கும். கரியமில வாயு வெளிப்படும். நிலமட்டம் ஆண்டுதோறும் தாழும். கோடையில் தீப்பற்றினால் மண்ணுக்கடியிற் பரவும் நெருப்பை அணைப்பது மிகக் கடினம். பெருமழை பெய்து நிலம் ஊறினாலன்றி அது முற்றும் அடங்குவதில்லை.

கலிமந்தான் கற்பிக்கும் பாடம்

போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதி கலிமந்தான். அதன் நடு மாநிலத்தில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்க, அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி 1995ஆம் ஆண்டில் முடிவு செய்தது. மக்களுக்கு உணவளிப்பதே நோக்கம். நோக்கத்தைக் குறைகூற இயலாது. பிழை நிலத்தின் இயல்பை அறியாமையில் இருந்தது.

பீட் படிவு இரு ஆறுகளுக்கிடையே, கவிழ்த்து வைத்த தாம்பாளம்போல் நடுவில் உயர்ந்திருக்கும். அவ்வுயரத்திற் பெய்யும் மழைநீரே முழு நிலத்தையும் நனைத்து வைக்கிறது. அவ்வுயரத்தை ஊடறுத்து 4,000 கிலோமீட்டருக்கும் மேலாகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. பாசனத்திற்கென வெட்டியவை வடிகாலாயின. புளிப்பு மிகுந்த அம்மண்ணின் பெரும்பகுதியில் நெல் விளையவில்லை. 1997ஆம் ஆண்டு எல்நினோ வறட்சியில் காய்ந்த நிலம் தீப்பற்றியது. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் நீரை வடித்தவண்ணமே இருந்தன.

2015ஆம் ஆண்டில் மீண்டும் பெருந்தீ. இந்தோனேசியாவில் அவ்வாண்டு சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததாகவும், இழப்பு 1,600 கோடி டாலர் என்றும் உலக வங்கி மதிப்பிட்டது. புகைமூட்டம் சிங்கப்பூர், மலேசியா வரை பரவியது, பள்ளிகள் மூடப்பட்டன. ஒராங்குட்டான் முதலிய வாயற்ற உயிர்களின் உறைவிடங்களும் கருகின.

சட்டம் செய்தது

2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் நிலத்தை எரித்துத் திருத்துவதைத் தடை செய்தது. உள்ளூர் மரபைக் கருதி, ஒரு குடும்பத்திற்கு 2 ஹெக்டேர் வரை விலக்கும் அளித்தது. 2014ஆம் ஆண்டு விதிகள், பயிரிடும் பீட் நிலத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே போகலாகாது என்று வரையறுத்தன. 2016ஆம் ஆண்டில் அவை மேலும் கடுமையாக்கப்பட்டன. அவ்வாண்டே பீட் நில மீட்பு முகமை ஒன்று அமைக்கப்பட்டு, 7 மாநிலங்களில் 20 லட்சம் ஹெக்டேரை மீட்கும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்புகள் கட்டி நீரைத் தேக்குவது அதன் முதற்பணியாயிற்று.

கல்வி செய்ய வேண்டியது

2015க்குப் பின் எரிப்புத் தடை கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டது. சிறு உழவர் நிலை யாதாயிற்று? செலவின்றி நிலம் திருத்த அவர் அறிந்த ஒரே கருவி நெருப்பு. எரித்த சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்து உரமாகவும் பயன்பட்டது. "எரிக்காதே" என்ற சட்டம் அவர் கையிலிருந்த கருவியை வாங்கிக்கொண்டது. மாற்றுக் கருவியைத் தரவில்லை. பயிரின்றி அக்குடும்பம் எதை உண்ணும்?

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதல் விதிகளுள் ஒன்று நினைவுக்கு வருகிறது: "செய்யாதே" என்பது பாதிப் பாடம், "இவ்வாறு செய்" என்பதே முழுப் பாடம். மீட்பு முகமை நடத்திய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இம்மறுபாதியைக் கற்பிக்க முயன்றன. எரிக்காமல் நிலம் திருத்துதல், தழையையும் சாணத்தையும் கொண்டு உரம் ஆக்குதல் ஆகியவற்றை உழவர் தம் வயலிலேயே செய்து பார்த்துக் கற்றனர். வயல்வெளிப் பள்ளி என்னும் முறையே 1989ஆம் ஆண்டில் இந்தோனேசிய நெல்வயல்களில் தோன்றிப் பின்னர் நம் நாட்டிற்கும் வந்ததாகும்.

நீரை வடிக்காமலே வாழ்வளிக்கும் பயிர்களும் உண்டு. சவ்வரிசி மாவு தரும் சாகோப் பனை ஈரச் சதுப்பில் வளரும். ஜெலுத்துங் மரம் பால் தரும். புரூன் என்னும் கோரையால் அங்குள்ள பெண்கள் பாயும் கூடையும் முடைகின்றனர். அறிவு அம்மக்களிடமே இருக்கிறது. அதற்கு நல்ல விலையும் சந்தையும் அமைத்துத் தருவது அரசின் கடமை.

முடிவுரை

2020ஆம் ஆண்டில், கைவிடப்பட்ட அதே நிலத்தின் ஒரு பகுதியில் புதியதோர் உணவுப் பண்ணைத் திட்டம் தொடங்கப்பட்டது. கற்ற பாடம் ஒரு தலைமுறைக்குள் மறந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. சட்டம் ஏட்டில் இருக்கும். கற்ற மக்களின் நினைவில் இருந்தாலன்றி அது நிலத்தைக் காவாது. 5,000 ஆண்டில் சேர்ந்ததைச் சில கோடைகளில் இழப்பது எளிது. மீண்டும் சேர்க்க நமக்கு ஆயுள் போதாது.

சிந்தனைக்கு

1. பாசனத்திற்கென வெட்டிய கால்வாய் வடிகாலானது ஏன்? படம் வரைந்து விளக்குக.
2. உமிக்காந்தலுக்கும் பீட் நிலத் தீக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. நும் ஊரில் "செய்யாதே" என்று மட்டும் கூறி, மாற்றுவழி காட்டாத விதி ஏதேனும் உண்டா? பெற்றோருடன் உரையாடி எழுதுக.