வயிற்றில் வளரும் குழந்தையின் அசைவை எண்ணுவோம்

பால் குறைந்தால் மரத்திற்கு ஏதோ குறை உண்டென்று பால்வெட்டும் தொழிலாளி உடனே அறிந்துகொள்கிறார். வயிற்றில் வளரும் குழந்தையும் தன் நலத்தைத் தாய்க்கு அறிவிக்கின்றது. அந்த அறிவிப்பே அசைவு.

முதற் பிள்ளையைச் சுமக்கும் தாய், ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில் அசைவை உணரத் தொடங்குவார். நச்சுக்கொடி வழியாகக் கிடைக்கும் உயிர்வாயு குறைந்தால், குழந்தை தன் வலிமையைச் சேமிக்க அசைவைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அசைவு குறைவது ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

பிரிட்டனிலுள்ள கார்டிஃப் நகரில் பியர்சன், வீவர் என்னும் மருத்துவர்கள் 1976ஆம் ஆண்டில் இவ்வசைவுகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அதன்வழி வந்த ‘பத்து வரை எண்ணும்’ முறையே நம் நாட்டுத் தாய்சேய் நலக் கிளினிக்குகளிலும் கற்பிக்கப்படுகின்றது.

எண்ணும் முறை எளிது. 28ஆம் வாரம் முதல், நாள்தோறும் காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்க வேண்டும். உதைத்தல், புரளுதல், நெளிதல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அசைவு. விக்கலைக் கணக்கில் சேர்க்கலாகாது. பத்தாவது அசைவு தெரிந்த நேரத்தை அட்டவணையில் குறித்திடுக. நிரையில் நிற்கும்போது எண்ணிக்கை தவறாதிருக்க, பத்து ரப்பர் கொட்டைகளை ஒரு பையில் இட்டு, அசைவுக்கு ஒன்றாக மறு பைக்கு மாற்றலாம்.

இரவு 9 மணிக்குள் பத்து அசைவுகள் நிறைவுபெறாவிட்டால், அன்றே மருத்துவரை நாட வேண்டும். வேலை மும்முரத்தில் அசைவு புலப்படாமற் போவதும் உண்டு. ஐயம் தோன்றினால் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, அசைவிலேயே மனத்தைச் செலுத்துக. 2 மணி நேரத்தில் பத்து அசைவுகள் தெரியாவிட்டால் உடனே புறப்படுக. அசைவு அறவே நின்றாலோ, வழக்கத்திற்கு மாறாகத் திடீரெனக் குறைந்தாலோ, இரவு 9 மணிவரை காத்திருத்தல் கூடாது. எண்ணிக்கை பத்தை எட்டியிருப்பினும் மாற்றம் தெரிந்தால் செல்வதே நன்று.

“மாதம் நிறைந்துவிட்டது, இடமில்லாததால் பிள்ளை அசையவில்லை” என்று சிலர் ஆறுதல் கூறுவர். இது தவறான எண்ணம். பிரசவ வலி தொடங்கும் வரையிலும், வலியின்போதும் குழந்தை அசைந்துகொண்டே இருக்கும்.

தங்காக் மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பைச் சோதித்தறிவர். தேவைப்பட்டால் மூவாரிலுள்ள சுல்தானா பாத்திமா சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்புவர். பிள்ளை நலமே என்று தெரிந்து வீடு திரும்பினால் அது வீண் அலைச்சலன்று, நிம்மதியே.

கணவன்மார்களே, மாமியார்களே! “விடியட்டும், பார்க்கலாம்” என்னும் சொல்லை விட்டொழிப்போம். இரவாயினும் வண்டிக்கு ஏற்பாடு செய்வோம். ஓர் இரவுத் தாமதம் ஓர் உயிரையே பறித்துவிடக்கூடும்.