எதிர்காற்றும் ஏற்றமும்

விரைந்து ஓடுவோரே ஓட்டப் போட்டியில் வெல்வர் என்பது பொதுவாக நிலவும் கருத்து. குறுகிய தொலைவுக்கு இக்கருத்து முற்றும் பொருந்தும். நெடுந்தொலைவு ஓட்டத்திலோ கால்களின் விரைவு மட்டும் போதாது. பொறுமையும், தன் வலிமையின் அளவறிதலும், உடன் வருவோரோடு இயைந்து செல்லும் பண்பும் அங்கு வேண்டப்படும். நிலமும் வானமும் ஒருங்கே பகையாகும் நாளில் இவ்வுண்மை தெள்ளிதின் விளங்கும். 2018 ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 16 ஆம் நாள், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் நிகழ்ந்த மாரத்தான் ஓட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

பாஸ்டன் மாரத்தான் 1897 இல் தொடங்கியது. ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான் ஓட்டங்களுள் இதுவே மிகப் பழைமையானது. 1924 முதல் இவ்வோட்டம் ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கி வருகின்றது. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, பல ஊர்களைக் கடந்து, பாஸ்டன் நகரின் நடுவே முடிவுறும். மொத்தத் தொலைவு 42.195 கிலோமீட்டர்.

தொடக்க இடம் முடிவிடத்தினும் ஏறத்தாழ 140 மீட்டர் உயரமானது. ஆதலின் இவ்வோட்டம் எளிதென்று புதியவர் கருதுவர். அவ்விறக்கமே அவர்களை ஏமாற்றும் வலை. கீழ்நோக்கி ஓடுங்கால் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசைகள் உடலின் பாரத்தைத் தாங்கித் தடுத்து நிறுத்துகின்றன; அதனால் அவை நோகின்றன. 26 ஆவது கிலோமீட்டர் அளவில் நியூட்டன் என்னும் ஊரின் குன்றுகள் தொடங்கும். நொந்த கால்கள் நான்கு ஏற்றங்களை அடுத்தடுத்துக் கடத்தல் வேண்டும். உடலில் சேர்த்து வைத்த மாச்சத்துக் குறைந்து சோர்வு தலையெடுக்கும் வேளையும் அதுவே. நான்காம் ஏற்றம் ஏறத்தாழ 600 மீட்டர் நீளமே உடையது. ஆயினும் அது வந்து நிற்கும் இடம் 33 ஆவது கிலோமீட்டரை ஒட்டியது.

அவ்வேற்றத்திற்கு 'நெஞ்சுடைக்கும் குன்று' என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. அப்பெயர்க்கு ஒரு வரலாறு உண்டு. 1936 ஆம் ஆண்டு, முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஜான் கெல்லி, முன்னே சென்ற எலிசன் பிரவுன் என்பாரை இக்குன்றுப் பகுதியில் எட்டிப் பிடித்தார். பிடித்தவர் பிரவுனின் தோளைத் தட்டினார். அத்தட்டு பிரவுனின் ஊக்கத்தைக் கிளறிவிட்டது. அவர் மீண்டும் முந்திச் சென்று வெற்றி பெற்றார். கெல்லியின் நெஞ்சம் அங்கே உடைந்தது என்று செய்தியாளர் ஒருவர் எழுதினார், பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் கெல்லி ஓட்டத்தைக் கைவிட்டாரல்லர். 1945 இல் மீண்டும் வென்றார். தம் வாழ்நாளில் 58 முறை இவ்வோட்டத்தை ஓடி முடித்தார்.

இத்தகைய பாதையில் 2018 இல் வானமும் சினந்து எழுந்தது. இடைவிடாது மழை பெய்தது. வெப்பநிலை 5 டிகிரி செல்சியசை ஒட்டி நின்றது. கிழக்கு நோக்கி ஓடுவோர் முகத்தில் கடுங்காற்று மோதியது. நனைந்த ஆடையும் வீசும் காற்றும் கூடினால் உடலின் வெப்பம் விரைந்து வெளியேறும். வெப்பம் குறையக் குறையத் தசைகள் இறுகும், விரல்கள் மரத்துப்போகும், அறிவும் மழுங்கும். உலகப் புகழ் பெற்ற ஓட்டவீரர் பலர் அன்று பாதிவழியிலேயே விலகிவிட்டனர்.

அவ்வோட்டத்தில் கலந்துகொண்டவருள் டெசிரே லிண்டன் என்னும் அமெரிக்க வீராங்கனையும் ஒருவர். ஓட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் உடல் சோர்வுற்றது. இடையில் விலகிவிடலாம் என்றே எண்ணினார். எனினும் அவ்வெண்ணத்தோடு ஒதுங்கிவிடவில்லை. தம் நாட்டவரும் 2017 ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானில் வென்றவருமான ஷலேன் பிளானகனை அணுகி, தாம் ஓட்டத்தை முடிக்காமற் போகலாம் என்றும், அதுவரையில் வேண்டிய உதவியைச் செய்வதாகவும் கூறினார். சிறிது நேரம் சென்றபின், இயற்கை உபாதையின் பொருட்டுப் பிளானகன் பாதையை விட்டு ஒதுங்க நேர்ந்தது. லிண்டன் தம் விரைவைக் குறைத்துக் காத்திருந்தார். இருவரும் சேர்ந்து ஓடி, முன்சென்ற குழுவை அடைந்தனர். பின்னர் மாலி ஹடில் என்னும் மற்றொரு வீராங்கனைக்கும் அவ்வாறே துணைநின்றார். கடுங்காற்றில் முன்னோடுவார் பின்வருவோர்க்குத் திரையாவார். அவர்தம் உழைப்போ மிகும். பிறர்பொருட்டு அவ்வுழைப்பை லிண்டன் விரும்பி ஏற்றார்.

பிறர்க்கு உதவியவாறே ஓடியவர், தாம் முன்னணியை நெருங்கிவிட்டதை உணர்ந்தார். விலகும் எண்ணமும் அகன்றது. குன்றுகளைக் கடந்து, 35 ஆவது கிலோமீட்டர் அளவில், அவரே எல்லார்க்கும் முன்னே சென்றார். 2 மணி 39 நிமிடம் 54 நொடியில் எல்லையைத் தொட்டார். அடுத்து வந்தவர் நான்கு நிமிடத்திற்கு மேல் பின்தங்கியிருந்தார். அமெரிக்கப் பெண் ஒருவர் பாஸ்டனில் வென்றது 1985 ஆம் ஆண்டிற்குப் பின் அதுவே முதன்முறை.

ஈண்டு ஒன்று நினைத்தற்குரியது. 2011 இல் இதே பாதையில் காற்று பின்னிருந்து தள்ளியது. அவ்வாண்டு லிண்டன் 2 மணி 22 நிமிடம் 38 நொடியில் ஓடினார். இரண்டே நொடியில் வெற்றியை இழந்தார். 2018 இலோ, அதனினும் 17 நிமிடங்களுக்கு மேல் மிகையாக எடுத்துக்கொண்டார், வெற்றி பெற்றார். கடிகாரம் ஒருவர் ஓடிய நேரத்தைக் காட்டும். அவர் எதனை எதிர்த்து ஓடினார் என்பதைக் காட்டாது.

ஆடவருள் வென்ற யூகி கவாவுச்சியின் கதையும் அறியத்தக்கது. அவர் ஜப்பான் நாட்டினர். சைத்தாமா மாநிலத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி வந்தார். பணிநேரம் போக எஞ்சிய வேளையிலேயே அவர் பயிற்சி செய்தார். பாஸ்டன் நகருள்ள அதே மாநிலத்தில், மார்ஷ்பீல்டு என்னும் ஊரில், 2018 சனவரி முதல் நாளன்று, உறைபனிக் குளிரில் ஒரு மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 20 நிமிடத்திற்குள் முடித்திருந்தார். ஏப்ரலில், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான கென்யா நாட்டு ஜாப்ரி கிருயி குன்றுப் பகுதியில் தனித்து முன்னேறியபோதும் கவாவுச்சி மனந்தளரவில்லை. கிருயியின் கால்கள் இறுதியில் தளர்ந்தன; கவாவுச்சி அவரைக் கடந்து, 2 மணி 15 நிமிடம் 58 நொடியில் வெற்றி பெற்றார். பிறர்க்குத் துன்பமாகிய வானிலை, அதனை முன்னரே பழகியவர்க்குத் துணையாயிற்று.

இவ்விருவரை மட்டும் புகழ்ந்து அமைதல் சாலாது. பரிசு பெறும் எண்ணமே இல்லாத இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்டோர் அன்று அதே மழையில், அதே குன்றுகளில் ஏறி, ஓட்டத்தை முடித்தனர். பலர் நடுங்கியவாறே எல்லையை அடைந்தனர். அவர்களைக் கம்பளத்தால் போர்த்திக் காக்கத் தொண்டர்களும் மருத்துவர்களும் மழையில் நின்றனர்.

கல்வியிலும் தொழிலிலும் இத்தகைய நாள்கள் எல்லார்க்கும் வரும். காற்று எதிர்த்து வீசும், ஏற்றமும் குறுக்கிடும். அந்நாளில் நேற்றைய விரைவை எண்ணி வருந்துதலால் பயனில்லை. அடுத்த அடியை எடுத்து வைத்தலும், அருகில் தளர்பவர்க்குக் கை கொடுத்தலுமே செய்யத்தக்கவை. பிறர்க்குத் துணையாகச் சென்ற அடிகளே லிண்டனை வெற்றியின் எல்லைவரை கொண்டு சேர்த்தன.

வினாக்கள்

1. பாஸ்டன் ஓட்டப்பாதையின் இறக்கம் ஓடுவோரை எவ்வாறு ஏமாற்றுகின்றது?
2. 'நெஞ்சுடைக்கும் குன்று' என்னும் பெயர் தோன்றிய வரலாற்றைக் கூறுக.
3. லிண்டன் ஓடிய 2011, 2018 ஆம் ஆண்டுகளின் ஓட்டங்களை ஒப்பிட்டு எழுதுக.
4. நீ அறிந்த ஒருவர் தம் இடர்ப்பாட்டிடையே பிறர்க்கு உதவிய நிகழ்ச்சியை ஒரு பத்தியில் வரைக.